இடது காலுக்கு ரிட்டயர்மென்ட்!

கிளட்ச் பெடலைப் பற்றி நீங்கள் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டீர்கள். முட்டி ஒழுங்காக இருக்கிறவரை யாரும் யோசிப்பதில்லை. நான் யோசித்திருக்கிறேன். யோசித்தது மட்டுமில்லை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எண்ணியே பார்த்திருக்கிறேன். திருச்சி தில்லைநகரில் எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்து, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் போய்ச் சேருவதற்குள் எழுபத்து மூன்று தடவை! அத்தனையும் எழுபத்திரண்டு வயசு இடது கால் மிதித்த மிதி.

அந்தக் கால் என் அப்பாவுடையது. கார், 1971 மாடல் அம்பாசடர் மார்க் டூ. 1986-ல் செகண்ட்ஹேண்டாக வாங்கினார். ஆகவே வீட்டில் எனக்கு மூத்தது. சாப்பாட்டிலும் எனக்கு முன்னுரிமை கிடையாது, முதலில் அதற்கு பெட்ரோல்.

நான் பி.காம். தேய்மானக் கணக்குப் போட்டால் அந்த வண்டியின் மதிப்பு என்றைக்கோ பூஜ்யத்துக்கு வந்திருக்கும். அப்பாவின் பேரேட்டில் அது அசையாச் சொத்து. (சில காலை நேரங்களில் நிஜமாகவே அசையாது.)

போன வருஷம் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "இடது முட்டியில தேய்மானம்" என்றார். அட, நம்ம சப்ஜெக்ட்! "இனிமே அழுத்தி மிதிக்கிற வேலையே கூடாது. கார் ஓட்டறதை நிறுத்திடுங்க."

அப்பா பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். வெள்ளிக்கிழமை தவறாமல் லால்குடி பக்கம் வயலைப் பார்க்கப் போகிற மனுஷன், முடிவெட்டிக்கொள்ளக்கூட கால் டாக்ஸிக்குக் காத்திருந்தார். மூன்று வாரம் போனது. பேச்சு குறைந்தது. பேப்பரை இரண்டு தடவை படிக்க ஆரம்பித்தார். ஒருநாள் சொன்னார்: "போன் போட்டு, ஓ.டி.பி. சொல்லித்தான் வெளியே போகணும்னா, அதுக்குப் பேரு வெளியே போறதாடா?"

"ஆட்டோமேட்டிக் கார் ஒண்ணு வாங்கிடலாம்ப்பா" என்றேன். 2014-ல் மாருதி செலேரியோ வந்த பிறகு சின்னக் கார்களிலேயே கிளட்ச் இல்லாத மாடல்கள் நிறைய வந்துவிட்டன. ஷோரூமுக்குக் கூட்டிப் போனேன். அப்பா ஒரு காரில் ஏறினார். ஏறினார் என்பது தப்பு, இறங்கினார்! ஸீட் அவ்வளவு தாழ்வு. எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அம்பாசடர் ஸீட் நாற்காலி உயரம். முட்டியை மடக்காமல் உட்காரலாம், எழலாம். பிடிவாதம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, மருத்துவக் காரணம்.

டல்லாஸில் இருக்கும் அண்ணன் போனில் வந்தான். "இதுக்கா இவ்வளவு கவலை? அம்பாசடர்லயே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாட்டிடு. பணம் நான் அனுப்பறேன். டி-யில போட்டா போயிட்டே இருக்கலாம்." அமெரிக்காவிலிருந்து பார்த்தால் எல்லாமே டி-யில் போட்டால் போய்விடும் என்றுதான் தோன்றும். அவர்கள் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலிலேயே ஹைட்ரமேட்டிக் பார்த்தவர்கள் ஆயிற்றே!

பாலக்கரையில் எங்கள் மெக்கானிக் பாயிடம் போனேன். அம்பாசடரின் வயிற்றில் முப்பத்தைந்து வருஷம் கைவிட்டவர்.

"மாட்டலாம் தம்பி. ஆனா முதல்ல கேட்டுக்குங்க" என்று ஒரு டீ சொன்னார்.

நம் கியர்பாக்ஸில் இன்ஜினையும் கியரையும் சேர்த்துவைப்பதும் பிரித்துவைப்பதும் கிளட்ச். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வர்ட்டர். இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், காற்று பட்டு மற்றதும் சுற்றும் இல்லையா? அதே சங்கதிதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். நடுவில் எண்ணெயைத் திருப்பிவிட இன்னொரு சின்னச் சக்கரம். அதற்குப் பின்னால் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி மற்றவை ஓடும் கோள் சக்கரக் கூட்டம். எந்தச் சக்கரத்தை எப்போது பிடித்து நிறுத்துவது என்பதை எண்ணெய் அழுத்தமே முடிவு செய்யும்.

நினைக்க சுகமாகத்தான் இருக்கிறது. பூட்டுவதில்தான் சங்கடம்.

வேறு வண்டியின் கியர்பாக்ஸ் அம்பாசடர் இன்ஜினோடு வாய் பொருந்தாது. நடுவே ஒரு தகடு கடைந்து போட வேண்டும். மையம் ஒரு மயிரிழை விலகினாலும் ஆயில் சீல் போய்விடும். ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு மெல்லிசான தட்டு போடணும், ஸ்டார்ட்டர் பல் அதற்குச் சேரணும். பெட்டி பருமன், அதனால் தரையில் மேடாக இருக்கும் தகரத்தை வெட்டிப் பெரிதாக்கணும். பின்னால் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை நீளத்துக்கு வெட்டி, பேலன்ஸ் பண்ணணும். எண்ணெய் சூடாகும், அதைக் குளிரவைக்கத் தனிக் குழாய். மே மாதத் திருச்சியில் அம்பாசடர் ரேடியேட்டர் ஏற்கெனவே சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கும்!

"இன்னொண்ணு தம்பி. இது 1489 சி.சி. இன்ஜின். இருக்கிறது ஐம்பது சொச்சம் குதிரை. அதுல நாலைஞ்சு குதிரை எண்ணெயைக் கலக்கவே போயிடும். காலை எடுத்தாலும் வண்டி ஊர்ந்துக்கிட்டே இருக்கும். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். ஐயா வலது காலால அழுத்திக்கிட்டே இருக்கணும். இடது முட்டி பொழைச்சு, வலது முட்டி போயிடும்."

அண்ணன் சொன்னது முடியாத காரியம் அல்ல. அம்பாசடரின் இன்ஜின் பி.எம்.சி. கம்பெனியின் பி ஸீரிஸ் குடும்பம். அதே குடும்பத்து 1622 சி.சி. இன்ஜினோடு இங்கிலாந்தில் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ60 கார், போர்க்-வார்னர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு கிடைத்தது. இன்ஜினுக்குச் சாதி விலக்கு எதுவும் இல்லை. ஆனால் பாய் போட்ட எஸ்டிமேட், வண்டியை விற்றால் வரும் விலையைத் தாண்டியது.

இந்த இடத்தில் என் பி.காம். மூளை வேலை செய்தது. செலவைக் குறைக்க முதல் வழி, என்ன வாங்குகிறோம் என்று சரியாகக் கேட்பது. அப்பாவுக்கு வலிப்பது எங்கே? இடது முட்டியில். கியர் மாற்றுகிற இடது கைக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற அந்தக் கை கியரை அவர் வீணை வாசிக்கிற மாதிரி போடுவார். ஆக, மாற்ற வேண்டியது கியர்பாக்ஸ் இல்லை. கிளட்சை மிதிக்கிற கால்!

பாயிடம் சொன்னேன். சிரித்தார். "இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நீங்க அமெரிக்கா கதையிலயே நின்னுட்டீங்க."

கிளட்சைத் தானே மிதிக்கும் சாதனம் புதுசே இல்லை. அம்பாசடரின் தகப்பன் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் மூன்று. அந்தக் காருக்கே 1950-களில் மேனுமேட்டிக் என்று ஒன்றை விருப்பம்போல் வாங்கிக்கொள்ள விற்றார்கள். இரண்டே பெடல். கியர் கம்பியைத் தொட்டால் கிளட்ச் தானாக விடும். வேலை செய்வது இன்ஜின் உறிஞ்சும் காற்று. இப்போதும் கால் ஊனமானவர்களுக்காகப் பூட்டப்படும் ஆட்டோ கிளட்ச் செட்டுகளில் இந்தத் தத்துவம் உண்டு. கியர் கம்பியில் ஒரு பட்டன். அழுத்தினால் ஒரு வால்வு திறக்கும். வாக்குவம் ஒரு டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் தட்டை இழுக்கும். தட்டு பெடலை இழுக்கும். பட்டனை விட்டு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பெடல் மெதுவாக மேலே வரும். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிக்கும்போது உறிஞ்சல் குறைந்துவிடும், அதற்காக வாக்குவத்தைச் சேமிக்க ஒரு சின்ன டேங்க்.

பாடியில் வெட்டு இல்லை. பெடலும் அப்படியே இருக்கும், நான் ஓட்டினால் காலால் மிதிக்கலாம். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். செலவு முப்பதாயிரத்துக்குள்.

வண்டியை வெட்டாமல் விட்டதில் இன்னொரு சௌகரியம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டி 'வின்டேஜ்' என்று பதிவாகலாம். எங்கள் வண்டி தகுதி பெற்றாகிவிட்டது. பெருமையாக அப்பாவிடம் சொன்னேன்.

"அந்தப் பட்டம் வாங்கினா தினம் ஓட்டலாமா?"

"தினசரி உபயோகத்துக்குக் கூடாதுப்பா."

"அப்ப பட்டம் வேண்டாம். எனக்கு வயலுக்குப் போகணும்."

விஷயம் முடிந்தது.

சட்டத்தையும் பார்த்துக்கொண்டோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. ஆனால் உடல் குறை உள்ளவர் ஓட்டுவதற்காக மாற்ற, பதிவு அதிகாரியிடம் அனுமதி பெற இடம் உண்டு. டாக்டர் சர்டிஃபிகேட்டோடு விண்ணப்பித்து, அனுமதி வாங்கிய பிறகுதான் பாய் ஸ்பானரை எடுத்தார். விண்ணப்பத்தில் 'குறைபாடு' என்ற கட்டத்தை நிரப்பும்போது அப்பா பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி வலியைவிட அந்த ஒரு வார்த்தை அவருக்கு அதிகம் வலித்தது. நான் சின்ன எழுத்தில் எழுதினேன்.

டிரையல். முதல் நாள் வண்டி தவளை மாதிரி குதித்தது. பின் சீட்டில் அம்மா, "சமயபுரத்தாளே!" பாய் வால்வை ஒரு திருகு திருகினார். இரண்டாம் நாள் தவளை, முயலாயிற்று. மூன்றாம் நாள் காந்தி மார்க்கெட் நெரிசலில், லோடு ஆட்டோக்களுக்கு நடுவே, வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. ஒரே வேடிக்கை, கியர் மாற்றும்போதெல்லாம் அப்பாவின் இடது கால் வெறும் தரையை மிதித்தது. நாற்பது வருஷப் பழக்கம். ரிட்டயரான பிறகும் காலை ஒன்பதரைக்கு டிபன் பாக்ஸைத் தேடுகிறவர் மாதிரி!

டாக்டரிடம் காட்டினோம். பெடல் தானாக இறங்குவதை இரண்டு தடவை பார்த்தார். "இது ஓ.கே. ஆனா தூரம் வேண்டாம்" என்றார். லால்குடி தூரமில்லை என்று அப்பாவே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டியும் அதைவிடப் பழைய ஒரு மனிதரும் இருக்கலாம். "விற்றுடலாம்ப்பா" என்று சொல்வதற்கு முன்னால், எந்த இடத்தில் வலிக்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள். பல சமயம் மாற்ற வேண்டிய பாகம் ரொம்பச் சின்னது.

நேற்று சாயங்காலம் ஆணியில் சாவி இல்லை. வாசலில் வண்டி கிளம்பும் சத்தம். ஓடிப்போய், "எங்கேப்பா?" என்றேன்.

"சும்மாதான்டா" என்றார்.