முப்பது பின்னா, நாற்பது பின்னா?

கீபோர்டின் மேல் ஒரு பேனாவை மறந்து வைத்துவிட்டு மூடியை அழுத்தினால் போதும், லேப்டாப் திரையின் கதை முடிந்துவிடும். கீழே விழ வேண்டும் என்பதில்லை. இயர்போனின் முனையோ குழந்தை விட்டுச்சென்ற க்ரேயான் துண்டோ அதே வேலையைச் செய்யும். புத்தகங்கள் திணித்த பையில் மாட்டிய அழுத்தமும், இறுகிப்போன ஹிஞ்சைப் பொருட்படுத்தாமல் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறக்கும் பழக்கமும் அப்படித்தான். ஆன் செய்தால் ஒரு பக்கம் கருமை பரவிக் கிடக்கும், ஓரத்தில் வண்ணக் கோடுகள் நிற்கும். கடையில் “டிஸ்ப்ளே போச்சு” என்ற இரண்டே சொல்லில் தீர்ப்பு வந்துவிடும்.

அதை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்றால், சாதாரண லேப்டாப்பில் முடியும். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டியதுதான் கடினம். உண்மையில் கெட்டது எது, அதற்குப் பதிலாகப் பொருந்துவது எது என்ற இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை கிடைத்துவிட்டால் மீதி வேலை கை செய்துகொள்ளும்.

திரையில் மாற்றப்படும் பாகமான பேனல் ஒற்றைக் கண்ணாடி அல்ல. பின்பக்கம் வெள்ளைப் பிரதிபலிப்புத் தாள், அதன்மேல் ஒளியைப் பரப்பும் அக்ரிலிக் தகடு, கீழ் விளிம்பில் வரிசையாக எல்.இ.டி.கள், இன்னும் சில மெல்லிய தாள்கள். இவற்றுக்கெல்லாம் மேலே, இரண்டு கண்ணாடிகளின் நடுவே திரவப் படிகம் இருக்கிறது. 1888-இல் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொழுப்புச் சேர்மத்தை உருக்கிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட விசித்திரப் பொருளின் வழித்தோன்றல் அது. திரையில் அந்தப் படிக அடுக்கின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்கு. ஃபுல் எச்.டி. திரை என்றால் 20,73,600 பிக்ஸல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பிரிவு. இத்தனைக்கும் மின்சாரம் கொண்டுபோகும் தடங்கள் கண்ணாடியின் மேலேயே படிந்திருக்கின்றன.

அதனால்தான் சேதத்தின் தோற்றமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். மை கொட்டியதுபோல் கருமை பரவியிருந்தால் கண்ணாடி விரிசல் விட்டுப் படிகத்தின் ஒழுங்கு குலைந்திருக்கிறது. பேனலை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு நிற்கிறது, கண்ணாடியில் கீறல் இல்லை என்றால் அவசரப்படக் கூடாது. மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைவுக்கேற்பக் கோடு வந்து வந்து மறைந்தால் குற்றவாளி பேனல் அல்ல, ஹிஞ்ச் வழியாக வரும் டிஸ்ப்ளே கேபிள். படமே தெரியாத திரையில் டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்தால் மங்கலாக ஐகான்கள் தெரியக்கூடும். அப்படித் தெரிந்தால் படம் வருகிறது, பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் மட்டும் எரியவில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஒரு டி.வி.யை இணைத்து அங்கேயும் அதே கோளாறு தெரிந்தால் சிக்கல் மதர்போர்டு பக்கம். டெல் லேப்டாப்புகள் பலவற்றில் ‘டி’ விசையை அழுத்திக்கொண்டே பவர் பொத்தானைத் தட்டினால் திரை தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஒவ்வொரு நிறமாகக் காட்டும். நிறங்கள் சுத்தமாக வந்தால் பேனல் பிழைத்தது.

கேபிளைச் சந்தேகிப்பது வெறும் கடைத்தெரு ஞானம் இல்லை. 2016-இல் வந்த மேக்புக் ப்ரோவில் மெல்லிய கேபிள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழுபட்டுத் தேய்ந்தது. திரையின் அடியில் நாடக மேடை விளக்குப்போல் ஒளித்திட்டுகள் தோன்றின, பிறகு பேக்லைட்டே அணைந்தது. 2018 மாடலைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் நிறுவனம் அதில் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாக இருப்பதைக் கண்டுபிடித்தது. 2019 மே மாதம் 13 அங்குல 2016 மாடலுக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது.

நோய் பேனலில்தான் என்று உறுதியானபின் அடுத்த கேள்வி: எந்தப் பேனல்? லேப்டாப்பின் மாடல் பெயரை நம்பி வாங்குவது புதியவர்கள் செய்யும் வேலை. ஒரே மாடலில் ஒரு தொகுதிக்கு பி.ஓ.இ. என்ற தயாரிப்பாளரின் பேனலும் இன்னொரு தொகுதிக்கு ஏ.யு.ஓ. அல்லது இன்னோலக்ஸ் பேனலும் போட்டிருப்பார்கள். ஃபுல் எச்.டி. இல்லாத மலிவு வகையும் அதே பெயரில் விற்றிருக்கும். உண்மை பேனலின் முதுகில் ஒட்டிய லேபிளில் இருக்கிறது. என்.டி.156 டபிள்யூ.எச்.எம். என்று தொடங்கினால் பி.ஓ.இ. தயாரித்த 15.6 அங்குலப் பேனல், 1366-க்கு 768, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும் டி.என். வகை. என்.வி.156 எஃப்.எச்.எம். என்றால் அதே அளவில் ஃபுல் எச்.டி., பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை. எந்தக் கம்பெனி லேபிளாக இருந்தாலும் பெரும்பாலும் நடுவில் 140 இருந்தால் 14 அங்குலம், 156 இருந்தால் 15.6 என்று கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் போய்க் கேட்டால் இந்த உரையாடல்தான் நடக்கும்.

“அண்ணே, பதினஞ்சு புள்ளி ஆறு டிஸ்ப்ளே வேணும்.”

“முப்பது பின்னா, நாப்பது பின்னா?”

“தெரியலையேண்ணே.”

“பழசைக் கழட்டி எடுத்துட்டு வாங்க தம்பி.”

கடைக்காரர் அலட்சியமாகச் சொல்லவில்லை. 60 ஹெர்ட்ஸில் ஓடும் சாதாரணத் திரைகளுக்கு 30 பின், அதாவது 30 தொடுமுனைகள் கொண்ட கேபிள் இணைப்பு போதும். 120, 144 ஹெர்ட்ஸ் கேமிங் திரைகளுக்கும், தொடுதிறன் பேனலுக்குள்ளேயே இருக்கும் வகைகளுக்கும் பெரும்பாலும் 40 பின். பழைய லேப்டாப் என்றால் இன்னொரு பொறி உண்டு. ஒரு காலத்தில் எல்.வி.டி.எஸ். என்ற முறையில் படம் போனது. 2012–14 வாக்கில் இ.டி.பி. முறை அதன் இடத்தைப் பிடித்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம், ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாது. பின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும், திருகு மாட்டும் பட்டைகள் மேலும் கீழும் இருக்கின்றனவா, பட்டையே இல்லாத வகையா, கேபிள் சொருகும் இடம் எந்த மூலையில் என்பதும் ஒத்துப்போக வேண்டும். இவையெல்லாம் பொருந்தினால் பி.ஓ.இ. இருந்த இடத்தில் ஏ.யு.ஓ. பேனல் தாராளமாக உட்காரும். தன் அளவும் திறனும் என்ன என்ற விவரத்தைப் பேனல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கணினி அதைப் படித்துக்கொள்வதால் தனியாக டிரைவர் தேவைப்படாது.

மாற்றுவதோடு சேர்த்து ஃபுல் எச்.டி.க்கு உயர்த்திவிடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். 1366-க்கு 768 திரைக்கு இ.டி.பி. கேபிளில் ஒரே ஒரு தரவுத் தடம் போதும். ஃபுல் எச்.டி.க்குப் பொதுவாக இரண்டு வேண்டும். மலிவு மாடலில் ஒரு தடத்துக்கு மட்டுமே கம்பி ஓடியிருந்தால் புதுப் பேனல் இருட்டாகவே நிற்கும். கேபிளையும் சேர்த்து மாற்றினால்தான் அந்த ஆசை நிறைவேறும்.

இனி கைவேலை. முதல் படி திரையில் இல்லை, அடிப்பக்கத்தில் இருக்கிறது: பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. சார்ஜரை உருவினால் போதாது. பேக்லைட்டுக்குப் போகும் மின்னழுத்தம் சில லேப்டாப்புகளில் 19 வோல்ட் வரை இருக்கும். அதே டிஸ்ப்ளே கேபிள் இணைப்பில் பக்கத்து பின்களில் ஓடுவது 3.3 வோல்ட். பின்களுக்கிடையே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. மின்சாரம் இருக்கும்போது கேபிள் சற்றே கோணலாக உருவப்பட்டால் மதர்போர்டில் இருக்கும் பேக்லைட் ஃபியூஸ் போகும். அப்போது புதுப் பேனல் போட்டும் திரை இருட்டுதான். பேட்டரியைப் பயாஸிலிருந்தே முடக்கும் வசதி பல திங்க்பேடுகளில் உண்டு.

சுற்றுச்சட்டம், கடை வழக்கில் பெசல், உள்விளிம்பிலிருந்து வெளிநோக்கிப் பிரியும். ரப்பர் மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகுகளை முதலில் எடுத்துவிட வேண்டும். பிறகு நகமோ, கிட்டார் வாசிக்கும் பிளாஸ்டிக் துண்டோ கொண்டு ஒவ்வொரு கிளிப்பாக விடுவிக்கலாம். இரும்புத் திருப்புளியை விட்டு நெம்பினால் பெசல் வெண்கோடு விழுந்து நொறுங்கும். பேனலின் திருகுகள் கழன்றதும் அவசரத்தில் தூக்கிவிடக் கூடாது. பின்னால் கேபிள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். கீபோர்டின் மேல் மெல்லிய துணி விரித்துப் பேனலைக் குப்புறச் சாய்த்தால் இணைப்பு கண்ணுக்குத் தெரியும். அதன்மேல் இருக்கும் டேப்பை உரித்து, சிறு கம்பிப் பூட்டை நிமிர்த்தி, பலகைக்கு இணையாக நேராக இழுக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடுங்கினால் சாக்கெட்டோடு வந்துவிடும்.

புதுசை மாட்டியபின் பெசலை மூடுவதற்கு முன்னால் ஆன் செய்து பார்ப்பது இந்தத் தொழிலின் கட்டாயம். வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை ஓடவிட்டு இறந்த பிக்ஸலைத் தேடுவார்கள். ஒரு புள்ளி தென்பட்டதும் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், கடைக்காரர் “இது கம்பெனி கணக்குல பாஸ்” என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. 2001-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 தரநிலையின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்ஸலுக்கு எப்போதும் ஒளிரும் 2, எப்போதும் இருண்ட 2, நிறப் பிரிவுக் குறைகள் 5 வரை அனுமதித்தது. தரநிலை பின்னர் மாறினாலும் குறையை எண்ணி வகுப்பு பிரிக்கும் வழக்கம் நிற்கவில்லை. பெசல் பிரிந்தே கிடக்கும் அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் மாற்றி வாங்குவது எளிது.

இதுவரை சொன்னதெல்லாம் திருகுகளால் மாட்டிய திரைகளுக்கு. விளிம்பு மெலிய மெலியப் பட்டைகள் காணாமல் போயின; பேனலின் இரு பக்கமும் அடியில் இழுத்தால் நீளும் பசை நாடா வந்தது. அதன் நுனியைப் பிடித்து, அவசரம் காட்டாமல், மூடியோடு ஒட்டினாற்போல் இழுத்தால் முழுசாக வரும். சாய்த்து இழுத்தால் பாதியில் அறும். அதன்பின் ஹேர்டிரையரின் சூடும் பிளாஸ்டிக் அட்டையும் பொறுமையும் கைகொடுத்தால்தான் உண்டு. வெளிக் கண்ணாடியோடு பேனலை ஒட்டியிருக்கும் தொடுதிரைகளிலும் மேக்புக்குகளிலும் கடைக்காரர்களே தனிப் பேனலைத் தொடுவது அரிது. முழு மூடியையும் மாற்றுகிறார்கள், செலவும் அதற்கேற்ப ஏறுகிறது.

எதிர்த்திசையில் போகிறவர்களும் இருக்கிறார்கள். 2021-இல் விற்பனைக்கு வந்த ஃப்ரேம்வொர்க் லேப்டாப்பின் பெசல் காந்தத்தில் ஒட்டி நிற்கிறது. விரலாலேயே உரித்தெடுக்கலாம், பேனலை அந்த நிறுவனமே தனியாக விற்கிறது. அதே ஆண்டு ஜனவரி 1 முதல் பிரான்சில் லேப்டாப் விற்பவர் அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் காட்ட வேண்டும். இந்தியாவில் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைக்கப்பட்டது, டிசம்பரில் அதற்கான இணையவாசல் திறந்தது. நம் கடைகளில் மதிப்பெண் அட்டை இல்லாவிட்டாலும் வாங்குவதற்கு முன் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டெல், எச்.பி., லெனோவோ மூன்றும் தங்கள் பல மாடல்களுக்குப் பழுதுநீக்கக் கையேட்டைப் பொதுவில் வெளியிடுகின்றன. அதில் டிஸ்ப்ளே பகுதியைத் திறந்தால், பேனல் தனி உதிரிபாகமாக இருக்கிறதா, மூடியோடு சேர்த்துத்தான் கிடைக்குமா, திருகா பசையா என்பது படத்தோடு போட்டிருக்கும்.