விழாத தண்ணீர்

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி பெருங்குடியில் இறங்கினேன். தை மாதக் காலை. அங்கிருந்து ஆட்டோவில் துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலைக்குப் போய், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நடுவே நிறுத்தச் சொன்னேன். கோரைக்குள் நீலத்தாழைக்கோழிகள் தலை காட்டின. வடக்கே குப்பைமேடு தெரிந்தது. தண்ணீர் அசையவே இல்லை.

எனக்கு இரத்தினபுரிப் பக்கத்து மலையோடை ஒன்று நினைவுக்கு வந்தது. இலங்கையில் மின்கம்பம் எட்டாத பல ஊர்களில் மக்களே மின் நுகர்வோர் சங்கம் கூட்டி, வாய்க்கால் வெட்டி, குழாய் இறக்கி, தகரக் கொட்டகைக்குள் சிறு டர்பைன் ஓட்டினார்கள். விநாடிக்கு 100 லிட்டர் தண்ணீர் 20 மீட்டர் விழுந்தால், இழப்பு போக ஏறத்தாழ 10 கிலோவாட் கிடைக்கும். ஒரு சிற்றூரின் விளக்குகளுக்கு அது போதும். நம் பைக்காராவில் 1932-இல் மின்சாரம் பிறந்ததும் இப்படித்தான். அங்கே தண்ணீர் 3000 அடிக்கு மேல் விழுகிறது.

பெருங்குடியில் விழுவதற்கு இடமில்லை. தாம்பரம் தொடங்கித் தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் இந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். வாட்டம் மிகக் குறைவு. கடல் பொங்கி நிற்கும் நேரத்தில் அதுவும் இல்லை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது அத்தனை நீரும் எங்கே போகும்?

"மழை நின்னப்புறமும் தண்ணி ஏறிச்சு சார்," என்றார் ஆட்டோக்காரர். 2023 மிக்ஜாம் புயலைச் சொல்கிறார். "மேலருந்து வரல. கால்வாய்க்குள்ளருந்து வந்துச்சு. கரண்ட்ட நிறுத்திட்டாங்க. மோட்டார் ஓடல. இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டுக் குடிக்கத் தண்ணி தேடினோம்."

மலையில் விளக்கேற்றிய அதே தண்ணீர் இங்கே முதலில் விளக்கைத்தான் அணைக்கிறது. கரண்ட் போனால் குடிநீர் போகிறது, செல்போன் போகிறது, உதவிக்குக் கூப்பிடும் குரலும் போகிறது. ஆகவே இந்தத் தெருக்களுக்கு நான் கேட்பது டர்பைன் அல்ல. வெள்ளம் எட்டாத பள்ளிக்கூட மாடியில் சூரியத் தகடும் பேட்டரியும் வேண்டும். தரையோடு கிடக்கும் மின்விநியோகப் பில்லர் பாக்ஸ்கள் மேடேற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் நிற்க இடம் வேண்டும். 1960-களில் 5000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் பள்ளிக்கரணையில், 2022-இல் ராம்சர் ஈரநிலத் தளமானது சுமார் 1248 ஹெக்டேர். குப்பைமேட்டை பயோமைனிங் முறையில் தோண்டி மீட்கும் நிலத்தில் ஓர் அடிகூட கட்டடத்துக்குப் போகக்கூடாது. அது தண்ணீரின் நிலம்.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் டீ குடிக்கத் தம் வீட்டுக்கு அழைத்தார். சுவரில் இடுப்புயரத்தில் பழுப்புக் கோடு. இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லையாம். சுவிட்ச் போர்டை உத்தரத்துக்கு அருகே மாற்றியிருந்தார்கள். எனக்காக ஃபேன் போட, அவர் மனைவி முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினார்.