பன்னிரண்டாயிரத்தில் ஒரு பந்தயக் கார்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ரிமோட் கார் பந்தயம் என்கிற பொழுதுபோக்குக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது. காரை வாங்குவதோடு செலவு முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால், நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் கையைச் சுட்டுக்கொள்ளாமல் விளையாடலாம். சகோதரிகளுக்குப் பயன்படுமே என்றுதான் எங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கோயமுத்தூர். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மோட்டார் பைத்தியம் பிறவியிலேயே உண்டு. செட்டிபாளையத்தில் 2003-லிருந்து கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். அதனால் பதினாலு வயசான என் பையன் பந்தயம் பந்தயம் என்று அலைந்ததில் ஆச்சரியமில்லை. நிஜமான கோ-கார்ட் பந்தயம் நம் கைக்கு எட்டாது என்று அவனுக்கே தெரியும். “ரிமோட் காராச்சும் வாங்கித் தாங்கம்மா” என்றான்.

என் வீட்டுக்காரர் ஒரு பம்ப் பட்டறையில் சூபர்வைசர். ஓவர்டைம் நின்று இரண்டு வருஷமாகிறது. பெரியவளுக்குக் காலேஜ் ஃபீஸ் வேறு. “ஏம்மா, பொம்மைக் காருக்குப் பத்தாயிரமா? பேசாம கணக்கைப் போடச் சொல்லு” என்று முடித்துவிட்டார். அரைப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்ததிலிருந்தே அப்பாவுக்கும் பையனுக்கும் நேர்ப் பேச்சு குறைவு. “அப்பாகிட்டச் சொல்லுங்கம்மா” என்பான் இவன். “அவன்கிட்டச் சொல்லு” என்பார் அவர். நடுவில் நான் தபால்காரி. எனக்குப் பணத்தைவிட அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

ஒரு ராத்திரி அவரிடம், “ஏனுங்க, வீட்டுச் செலவில் ஒரு பைசா கை வைக்காம நடந்தா சம்மதமா?” என்று கேட்டேன். “அப்படி நடந்தா பார்க்கலாம்” என்றார். மறுநாள் காலையிலேயே பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு நோட்டுப் போட்டேன். மொத்தம் 12,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு வருஷத்துக்கு ஒரு பைசா கிடையாது. பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் வந்த காசு உண்டியலில் 3,400 இருந்தது. ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு அவன் சைக்கிளில் போனால் மாசம் 600 மிச்சம். ஆறு மாசத்துக்கு 3,600. பாக்கி 5,000-ஐ என் சீட்டுப் பணத்திலிருந்து நான் போட்டேன். ஆறு மாசமும் வெயிலோ மழையோ பையன் சைக்கிளைத்தான் மிதித்தான்.

அந்த ஆறு மாசமும் விசாரிக்கிறதற்கு நல்ல அவகாசமாகப் போயிற்று. கடையில் ரிமோட்டோடு விற்கிற பொம்மைக் கார் வேறு, பந்தயத்துக்கு ஓட்டுகிற கார் வேறு. பொம்மைக் காரில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் முழுக் காரும் குப்பைக்குத்தான். பந்தயக் காரில் ஒவ்வொரு திருகும், கையும், சக்கரமும் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கும். பொம்மைக் காரில் பெரும்பாலும் வலது அல்லது இடது, இரண்டே நிலைதான். பந்தயக் காரில் நாம் எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவுதான் சக்கரமும் திரும்பும், வேகமும் அப்படியே.

ஜப்பானில் ஷிஸுவோக்கா நகரத்தில் இருக்கிற டாமியா என்கிற கம்பெனி, 1976-ல் தன் முதல் ரிமோட் பந்தயக் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது போர்ஷே 934 காரின் மாதிரி. 1984-ல் வந்த அவர்களுடைய ‘கிராஸ்ஹாப்பர்’ பல நாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் காராக இருந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுக் கார் இருக்காது. பாகம் பாகமாகத்தான் இருக்கும். படம் பார்த்து நாமே பூட்ட வேண்டும். இப்படிப் பூட்டிப் பழகினால் உடைந்ததைக் கழற்றவும் தானாக வந்துவிடும்.

ஆரம்பிக்கிறவர்களுக்குப் பலரும் சொல்வது அதே கம்பெனியின் டி.டி.-02 என்கிற மாடல். 2013-ல் வந்தது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு; அதாவது 14 அடிக் கார் 17 அங்குலமாகச் சுருங்கியிருக்கும். நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் ஒன்று, புதுப் பெட்டியின் விலையைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று ஏமாந்துவிடக் கூடாது. ரிமோட், ஸ்டியரிங்கைத் திருப்புகிற ‘சர்வோ’, பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனிச் செலவு. சுமைகூலி என்று முதலில் சொன்னேனே, அதுதான் இது!

எனவே பழைய காராகவே தேடினோம். வேலை கிடைத்து வெளியூர் போகிற ஒரு காலேஜ் பையனிடம் ரிமோட், சார்ஜர் எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய்க்குக் கிடைத்தது. பழையது வாங்கும்போது, பழைய தையல் மிஷினைப் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்கணும். கரகரவென்றால் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை விட்டால் சக்கரம் நேராக வந்து நிற்கிறதா என்று பார்க்கணும். திருகுகளின் தலை மழுங்கியிருந்தால் கழற்றவே வராது. பேட்டரி உப்பியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பேட்டரி விஷயத்தைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டு வகை பேட்டரி உண்டு. ஒன்று நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 7.2 வோல்ட். கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம், ஆனால் பிள்ளைகளின் கைப்பழக்கத்தைத் தாங்கும். இன்னொன்று லிப்போ என்கிற லித்தியம் பாலிமர்; 7.4 வோல்ட். வேகம் அதிகம், ஆபத்தும் அதிகம். அதற்கென்று உள்ள சார்ஜரில்தான் போட வேண்டும். ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3-க்குக் கீழே இறங்கக்கூடாது. குத்துப்பட்டாலோ உப்பினாலோ தீப்பிடிக்கலாம். நான் முதல் வகைதான் என்று கண்டிப்பாகச் சொல்லி 1,900 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன்.

எந்த வகையானாலும் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றுதான். கட்டில் மேலோ திரைச்சீலைப் பக்கமோ சார்ஜ் போடக் கூடாது, வெறும் தரையில்தான். ராத்திரி தூங்கும்போதும், வீட்டில் ஆள் இல்லாதபோதும் போடக் கூடாது. ஓட்டி முடித்த சூடு ஆறின பிறகே போட வேண்டும். காரைக் கிளப்பும்போது முதலில் ரிமோட், பிறகு கார். நிறுத்தும்போது முதலில் கார், பிறகு ரிமோட். மாற்றிச் செய்தால் கார் தன் இஷ்டத்துக்கு ஓடிவிடலாம். பேட்டரியோடு ஒன்றரைக் கிலோ இருக்கிற சாமான் வேகமாக வந்து குழந்தையின் காலில் இடித்தால் என்னாகும்? அதனால் தெருவில் ஓட்டவே கூடாது. துப்பட்டா, முந்தானை நுனியெல்லாம் சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருகு கழற்ற 350 ரூபாய்க்கு நல்ல ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கினோம். ஜப்பான் திருகுகளுக்கு அளவு கொஞ்சம் வேறே. நம் வீட்டு ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் தலை மழுங்கிவிடும்.

அடுத்தது பேரிங். இந்தக் காரில் சக்கரம் சுற்றுகிற இடங்களில் கம்பெனி பெரும்பாலும் பிளாஸ்டிக் புஷ்தான் வைக்கிறது. தூசி போனால் அது தேய்ந்து, சக்கரம் ஆட ஆரம்பிக்கும். முதலில் பணம் போட வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்; மோட்டாரை மாற்றுவதெல்லாம் அதற்கப்புறம். பையன் தேய்ந்த புஷ் ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். ராத்திரி சாப்பிட வந்த அவர் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார். எழுந்து போய் பையிலிருந்து வெர்னியரைக் கொண்டு வந்து அளந்தார்.

“உள்ளே 5 மில்லி, வெளியே 11, கனம் 4. இதுக்கு எதுக்குடா வெளியூர்ல ஆர்டர் போடறே? நம்ம பேரிங் கடையிலேயே கிடைக்கும்” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வண்டியில் போய் 640 ரூபாய்க்கு வாங்கி வந்தார்கள். மத்தியானம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து மாட்டினார்கள். அன்றைக்கு மார்க்கைப் பற்றிப் பேச்சே வரவில்லை. மறுநாள் வந்தது. ஆனால் என் வழியாக வரவில்லை, நேராகவே வந்தது.

ஓட்டப் பழகுவதற்குச் செலவே இல்லை. பக்கத்து ஸ்கூல் மைதானத்தில் சிமென்ட் போட்ட கூடைப்பந்துத் தளம் ஒன்று உண்டு. அனுமதி கேட்டு வாங்கினோம். இரண்டு தேங்காய்த் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடுவதுதான் முதல் பாடம். கார் நம்மை விட்டுப் போகும்போது வலது வலதாகவே இருக்கும். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது வலது இடதாகிவிடும். இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மெதுவாக எட்டுப் போட்டுப் போட்டுத்தான் கைக்கு வர வேண்டும். இப்போதைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன; ஒவ்வொரு காரும் தன் ரிமோட்டுக்கு மட்டும்தான் கட்டுப்படும். அதனால் நாலு பிள்ளைகள் சேர்ந்து ஓட்டினாலும் குழப்பமில்லை.

உடையாமல் இருக்குமா? முன் சக்கரத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக் கை ஒன்று சுவரில் மோதி உடைந்தது. அதற்கும் சில்லறைச் சாமானுக்கும் சேர்த்து 480. மேல் கூடு கீறிவிட்டபோது நானே வைத்தியம் பார்த்தேன். உள்பக்கம் ஒரு கொசுவலைத் துண்டை வைத்து, 60 ரூபாய் ஷூ பசையைத் தடவிக் காயவிட்டேன். இன்றைக்கும் கெட்டியாக இருக்கிறது. ஓட்டி வந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. பழைய டூத் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

சில மாசம் பழகியபின் ஒரு போட்டிக்குப் போனோம். நுழைவுக் கட்டணம் 500. புதிதாக வருகிறவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ரக மோட்டார்தான். பணம் உள்ளவன் விலை உயர்ந்த மோட்டார் போட்டு ஜெயிக்க முடியாது. ஐந்து நிமிஷத்துக்குள் யார் அதிகச் சுற்று வருகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஒன்பது கார்களில் என் பையன் ஏழாவது.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது வேறு ஒரு விஷயம். தன் ஓட்டம் முடிந்தவன் உடனே வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. அடுத்த ஓட்டத்தில் வளைவில் நின்று, கவிழ்ந்த கார்களை ஓடிப்போய் நிமிர்த்தி விட வேண்டும். தன்னைத் தோற்கடித்தவன் காராக இருந்தாலும் சரிதான். இதை எந்த டியூஷனில் சொல்லித் தருகிறார்கள்?

பட்டறையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், “எத்தனை சுத்துடா?” என்று கேட்டார். “பதினாலுங்கப்பா. ஜெயிச்சவன் பத்தொம்போது.” “வளைவுல வேகத்தைக் குறைக்கலையா?” என்று ஆரம்பித்தவர்கள், சோறு ஆறும் வரை நிறுத்தவில்லை.

நோட்டில் மொத்தச் செலவு 11,430. மிச்சம் 570. கணக்கில் இந்த முறை பையன் 61 மார்க் வாங்கினான். அவருக்கு அது போதாது, எனக்கும் போதாது. ஆனால் சைக்கிளை அவன் இன்னும் விடவில்லை.

உங்கள் பிள்ளை ரிமோட் கார் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கவும் வேண்டாம். ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். வாங்குகிற செலவு, கூட வருகிற செலவு, உடைகிற செலவு. மொத்தத் தொகையில் ஏழில் ஒரு பங்காவது மூன்றாவது கட்டத்துக்கு ஒதுக்கி வையுங்கள். உதிரிப் பாகம் கிடைக்காத கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். பிள்ளையின் பங்காக ஏதாவது ஒன்று அதில் இருக்கட்டும். நடையோ, சைக்கிளோ, உண்டியலோ. தன் உழைப்பு கலந்த சாமானை எந்தக் குழந்தையும் மூலையில் வீசிவிடாது.