உறையூர்ச் சுருட்டும் கியூபாச் சுருட்டும்

எங்கள் மோகனூரிலிருந்து காவிரியோடு கிழக்கே போனால் திருச்சியின் உறையூர். அந்த ஊரின் திருச்சி சுருட்டு 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே இருக்கிறது. சாம்பலை வைத்தே ஹோம்ஸ் அதை அடையாளம் காண்கிறார். ஆனாலும் கியூபா என்றால்தான் நமக்கு மதிப்பு. அதில் கணிசமான பங்கு 1962இல் அமெரிக்கா கியூபா மீது போட்ட வணிகத் தடை ஏற்றிவிட்ட மவுசு என்பேன்.

கியூபாவில் புகையிலை விளையும் பினார் டெல் ரியோ மண் வேறெங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் புரட்சிக்குப் பின் வெளியேறியவர்கள் அந்த விதையையும் கைப்பக்குவத்தையும் டொமினிக்கன் குடியரசு, நிகராகுவா வரை கொண்டுபோய் நல்ல சுருட்டு செய்துகாட்டினார்களே! இலையைப் பதமாகப் புளிக்கவைப்பதிலும், புகை தடையின்றி இழுபட இறுக்கம் பார்த்து உருட்டுவதிலும் ருசி பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எந்த ஊர்ச் சுருட்டானாலும் உடம்புக்குக் கேடுதான். அது தெரிந்தே பிடிப்பவனாகச் சொல்கிறேன்: இருமுனையும் திறந்த, காரமான நம்ம திருச்சி சுருட்டுதான் எனக்கு.