தகரத்தின் மேல் ஓடியவர்கள்

முட்டிக்குத் தேய்க்கிற களிம்பு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் மூடியைத் திறந்ததும் வருவது அதே வின்டர்கிரீன் வாசனைதான், மூக்கில் ஏறி, கண்ணோரத்தைக் கொஞ்சம் எரிய வைத்து, ஆளைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வாசனை, நியாயமாக அது எனக்கு ஊரையும் தாத்தாவின் அயோடெக்ஸ் பாட்டிலையும்தான் நினைவுபடுத்த வேண்டும், ஆனால் மிச்சிகனுக்கு வந்து தலையும் நரைத்துவிட்ட பிறகு அது என்னைக் கொண்டுபோய் இறக்குவது இப்சிலான்டியில், மாணவர்களாக நாங்கள் மாடியில் குடியிருந்த பழைய மரவீட்டின் பேஸ்மென்ட்டில். ஃபர்னஸ் ஓடும் சூடு, ஈரச் சிமெண்டின் நெடி, பாதி பனி மூடிய சின்ன ஜன்னல் வழியாக இறங்கும் நீலம் கலந்த வெளிச்சம், அதன் கீழே மடக்கு நாற்காலியில் வீட்டுக்காரப் பெரியவர், வலது கால் பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் தேய்த்துக்கொண்டிருப்பார்.

கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூட நாளில் அமெரிக்க ஃபுட்பால் ஆடியபோது போன முட்டி, விவரமாக அவர் எதுவும் சொன்னதில்லை, படியேறும்போது இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பதைப் பார்த்து நாங்களாகத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, கோட்டை ஆணியில் மாட்டி, வெர்னர்ஸ் ஜிஞ்சர் ஏல் கேனைத் திறந்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் மேசைமேல் போர்த்திய துணியை எடுப்பார், உள்ளே பச்சை பூசிய தகரப் பலகை, வெள்ளைக் கோடுகள், டியூடர் கம்பெனி 1949-ல் கொண்டுவந்த மின்சார ஃபுட்பால்.

பக்கத்துக்குப் பதினோரு பிளாஸ்டிக் ஆட்களை நிறுத்திவிட்டு சுவிட்சைத் தட்டினால் தகரம் முழுக்க ர்ர்ர் என்று அதிரும், அந்த அதிர்விலேயே ஆட்கள் நகர்வார்கள், ஆனால் நாம் நினைத்த பக்கம் போவார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, ஒருவன் நின்ற இடத்திலேயே சுற்றுவான், இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரத்துக்குப் போவார்கள், நகமளவு பந்தை வைத்திருப்பவன் திடீரென்று திரும்பித் தன் எல்லைக்கே ஓடுவான், பெரியவர் சுவிட்சை அணைத்து, அவனைத் தூக்கிக் கண்ணருகே பிடித்து, அடியிலிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் காலை நகத்தால் இம்மி வளைத்து, மறுபடி நிறுத்துவார். ஒரு ஆட்டம் முடிய மத்தியானம் முழுக்க ஆகும், பேச்சு அதில் பாதியாவது இருக்கும்.

மாடியில் எங்களிடம் சேகா ஜெனிசிஸ் வீடியோ கேம் பெட்டி இருந்தது. கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத நாங்கள், பத்து கஜம் போக நாலு வாய்ப்பு என்ற கணக்கைக் கற்றுக்கொண்டதே அதில் ஆடிய மேடன் என்ற ஃபுட்பால் ஆட்டத்தில்தான், 1990-ல் வந்த அந்தப் பதிப்பில் பாஸ் போடப் போனால் திரையின் மேலே மூன்று சின்னக் கட்டங்கள் திறக்கும், ஏ, பி, சி என்று கட்டத்துக்கு ஒரு ரிசீவர், யாருக்குப் போடுவது என்பதில் கன்ட்ரோலர் இல்லாதவனுக்கும் கருத்து இருக்கும், கத்தல் கீழ்வீடு வரை கேட்கும். அடுத்து வந்த 92-ல் ஒருவன் அடிபட்டு விழுந்தால் ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளேயே பாய்ந்து வந்து, வழியில் நிற்கிற நல்ல ஆட்களையும் இடித்துத் தள்ளிவிட்டுப் போகும், அதற்காகவே யாராவது அடிபட வேண்டும் என்று ஆடியிருக்கிறோம். வாடகைச் செக் வாங்க வந்த பெரியவர் ஒருநாள் கதவருகே நின்று அதைப் பார்த்தார், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம், நிஜத்தில் அவ்வளவு சீக்கிரம் வராது என்று மட்டும் சொல்லிவிட்டு, செக்கை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார், இடது கால், வலது கால்.

அந்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஜான் மேடனுக்கும் முட்டிதான். 1958-ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது, ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்குள் பயிற்சி முகாமிலேயே முட்டி போயிற்று, சிகிச்சைக்கு வந்துபோன நாட்களில் குவார்ட்டர்பேக் நார்ம் வான் பிராக்ளின் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டப் படங்களைப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றவர், அப்புறம் ஓக்லண்ட் ரைடர்ஸுக்குப் பயிற்சியாளராகி, சூப்பர் பௌல் ஜெயித்து, விமானம் என்றால் ஆகாது என்பதால் ரயிலிலேயே நாட்டைச் சுற்றியவர். அப்படியொரு ரயிலில்தான் 1984-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் டிரிப் ஹாக்கின்ஸ் அவரைப் பார்த்துப் பேசினார், அன்றைய கம்ப்யூட்டருக்குப் பதினோரு பேர் தாங்காது, ஏழு பேரை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு மேடன் சம்மதிக்கவில்லை, அது ஃபுட்பாலே இல்லை என்றுவிட்டார், 1988-ல் ஆப்பிள் டூ கம்ப்யூட்டரில் ஆட்டம் வந்தபோது பதினோரு பேரும் இருந்தார்கள். பெரியவரின் தகரத்தில் எப்போதும் பதினோரு பேர்தான், அதற்கு யாரும் ரயிலேற வேண்டியிருக்கவில்லை.

தாத்தாவுக்கு முட்டி போனது சடுகுடுவில். சாயங்கால வெயில் திண்ணையை விட்டு இறங்குகிற நேரத்துக்கு அயோடெக்ஸ் பாட்டிலை எடுப்பார், இப்சிலான்டிப் பெரியவரைப் போலவே உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து, விரலில் மிச்சம் ஒட்டியிருப்பதை வீணாக்காமல் கெண்டைக்காலில் வழித்துவிடுவார், ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு கிழவர்கள்.

இப்போது மகன் ஆடுவது மேடன் 26. குறை சொல்ல முடியாத அழகு, பனி கொட்டினால் கோடு மறைகிறது, எதிரே இருக்கிற ஆள் மங்குகிறான், ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கும் தன் சொந்த நடையோடும் பதற்றத்தோடும் நிற்கிறான், ஆனால் மகன் காதை ஹெட்போனால் மூடிக்கொண்டு முகம் தெரியாத யாருடனோ ஆடுகிறான், பாதி நேரம் காசு கொடுத்து வாங்குகிற வீரர் அட்டைகளில் போகிறது, அறையில் கருத்துச் சொல்ல ஆளில்லை. டச்டவுன் போட்டால் என்ன நடனம் ஆட வேண்டும் என்பதற்கும் பட்டன் இருக்கிறது, பெரியவரின் ஒரே தெய்வமான டெட்ராய்ட் லயன்ஸ் பாரி சாண்டர்ஸ், டச்டவுன் போட்டதும் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடந்து போவார், அதற்குப் பட்டன் எதுவென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடித்தது. 2011-ல் வந்த பதிப்பிலேயே தலையில் பலமாக அடிபட்டவன் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது என்று வைத்துவிட்டார்கள், இப்போது அதையும் தாண்டி, படுகிற ஒவ்வொரு அடியும் எந்த உறுப்பில் பட்டதோ அங்கே கணக்கில் ஏறுகிறது, ஆட்டம் முடிந்தாலும் சீசன் முழுக்கக் கூடவே வருகிறது. ஆம்புலன்ஸைப் பார்த்துச் சிரிக்காதவர் இதை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பார்.

போன வாரம் ஒருநாள் மகனின் சீசனில் லயன்ஸ் ஓட்டக்காரன் ஜாமிர் கிப்ஸின் கால் அப்படித்தான் தேய்ந்து கிடந்தது, மகனோ விடாமல் பந்தை அவன் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தான்.

“அவனை உட்கார வைடா.”

“நாலாவது குவார்ட்டர்ப்பா, மூணு பாயின்ட்தான் பின்னாடி இருக்கோம்.”

“இருக்கட்டும், உட்கார வை.”

முணுமுணுத்துக்கொண்டே மாற்று ஆளை இறக்கினான், அவன் இரண்டாவது ஓட்டத்திலேயே பந்தைத் தவறவிட்டான், அதோடு முடிந்தது. அடுத்த வாரம் கிப்ஸ் தேறிவிடுவானா என்று கேட்டேன். அடுத்த வாரம் பேக்கர்ஸோட ஆட்டம், போச்சு என்று கன்ட்ரோலரை சோபாவில் எறிந்துவிட்டுச் சாப்பிடப் போனான்.