கமகுராவில் ஒரு கல்

பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களுக்கு மேல் காலந்தள்ளிய எனக்கு வெளிநாட்டுப் பயணங்கள் புதியவை அல்ல. ஆனால், அவையெல்லாம் மாநாடுகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் அழைப்பின் பேரில் போய்வந்த பயணங்கள். சொந்தக் காசில், கையில் குறிப்புப் புத்தகம் இல்லாமல், வெறும் உல்லாசப் பயணியாக ஒரு நாட்டைப் பார்க்கப் போனது 2024 நொவெம்பரில்தான். மனைவி ஆசிரிய சேவையிலிருந்து ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை ஜப்பானைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். 'நீங்கள் எழுதுவதற்கு அல்ல, நாங்கள் பார்ப்பதற்கு' என்பது அவர் விதித்த நிபந்தனை. அந்த நிபந்தனையை இப்போது மீறுகின்றேன்.

கொழும்பில் இருந்து புறப்பட்ட எமது குழுவில் 22 பேர் இருந்தோம். சிங்களவர்கள் பதினேழு பேர், முஸ்லிம்கள் மூவர், தமிழர்கள் நாம் இருவர். கட்டுநாயக்கவில் இரவு விமானமேறி மறுநாள் காலை நரிட்டாவில் இறங்கியபோது, கையில் சிறிய மஞ்சள் கொடியுடன் அறுபது வயது மதிக்கத்தக்க ஜப்பானிய அம்மையார் ஒருவர் காத்து நின்றார். அடுத்த பத்து நாட்களுக்கும் அந்தக் கொடியே எமது உலகமாயிற்று. அது உயர்ந்தால் நடக்க வேண்டும். தாழ்ந்தால் நிற்க வேண்டும். பஸ் 8.10க்குப் புறப்படும் என்று அவர் சொன்னால் அது 8.10 தான். முதல் நாள் நாம் எட்டு நிமிடங்கள் தாமதித்தோம். அவர் எம்மைக் கடிந்து கொள்ளவில்லை. பஸ் சாரதியிடம் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். மறுநாளில் இருந்து எவரும் தாமதிக்கவில்லை.

உணவைப் பொறுத்தவரை எமது குழுவில் இரண்டு கட்சிகள் உருவாகின. ஜப்பானியர் தருவதை அப்படியே உண்பதற்கு ஆயத்தமானவர்கள் ஒரு கட்சி. கட்டைச் சம்பல் போத்தலைப் பயணப் பையில் மறைத்துக் கொண்டு வந்தவர்கள் மறு கட்சி. மலையடிவார விடுதியொன்றில் தரையில் அமர்ந்து இராப்போசனம் உண்டபோது ஏழெட்டுச் சிறு கிண்ணங்களில் ஒவ்வொன்றாக உணவு வந்தது. சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக்கூடாது, அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை என்று வழிகாட்டி அம்மையார் எச்சரித்தார். தெளிந்த ரசம் போன்ற ஒரு கிண்ணத்தை வாயில் வைத்த என் மனைவி, 'இது மாசியல்லவா?' என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான அந்த வடிசாறு, கட்சுவோபுஷி எனப்படும் உலர்த்திய சூரை மீனின் சீவல்களில் இருந்து எடுக்கப்படுவது. மாலைதீவில் இருந்து எமது சமையலறைகளுக்கு வரும் மாசியும் அதே மீன்தான். சம்பல் போத்தல் கட்சியினர் அன்றிரவு பாதி சமாதானமடைந்தனர்.

இடங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை நீண்டுவிடும். ஒன்றை மாத்திரம் சொல்ல வேண்டும். டோக்கியோவின் அசகுசாவில் நாம் பார்த்த சென்சோஜி ஆலயத்தின் பிரதான மண்டபம் 1945 மார்ச் மாத விமானக் குண்டுவீச்சில் எரிந்து, 1958இல் மீண்டும் கட்டப்பட்டது. கியோட்டோவில் குளக்கரையில் பொன்னாக மின்னும் கின்ககுஜி மண்டபத்தை எல்லோரும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நின்ற வேளையில், இப்போது நாம் பார்ப்பது 1955இல் கட்டப்பட்டது என்று வழிகாட்டி கூறினார். பழைய மண்டபத்தை 1950 ஜூலையில் அங்கேயே பயின்று வந்த ஓர் இளம் துறவி தீயிட்டு எரித்துவிட்டார். வந்த விருந்தினர்களிடம் அதை மறைக்க வேண்டும் என்று அந்த அம்மையாருக்குத் தோன்றவில்லை. எங்கள் பிள்ளையொருவன்தான் எரித்தான் என்பதைக் காலநிலையைப் பற்றிச் சொல்வது போன்று சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணத்தன்மை என் மனதில் தங்கிவிட்டது.

பயணத்தின் கடைசிக்கு முந்திய நாள், டோக்கியோவில் இருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத் தொலைவில் இருக்கும் கமகுராவுக்குச் சென்றோம். அங்கே கொத்தோகுயின் விகாரையில் வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் வெண்கலப் புத்தரைக் காண்பதே நோக்கம். 11 மீற்றருக்கும் மேற்பட்ட உயரமும் ஏறத்தாழ 121 தொன் எடையும் கொண்ட சிலை. 1252இல் அதை வார்க்கத் தொடங்கினார்கள். அதைச் சூழ்ந்திருந்த மண்டபம் இயற்கைச் சீற்றங்களினால் அழிந்த பின்னர், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்து மழையிலும் வெயிலிலும் அப்படியே இருக்கின்றது. எமது குழுவில் இருந்த முதிய பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்கள். அவர்களுடன் என் மனைவியும் கும்பிட்டார்.

அப்போது மஞ்சள் கொடி உயர்ந்தது. 'இலங்கையர்களாகிய உங்களுக்கென்றே ஓர் இடம் இங்கிருக்கின்றது' என்று கூறி வளாகத்தின் ஒரு புறத்துக்கு அம்மையார் எம்மை அழைத்துச் சென்றார். அங்கே ஒரு கல் நின்றது. ஜே.ஆர். ஜயவர்தனவின் நினைவாக 1991இல் ஜப்பானியர்கள் நிறுவிய கல். பகையினால் பகையை வெல்ல முடியாது என்னும் புத்தர் பெருமானின் போதனை அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. வழிகாட்டி முதலில் கல்லை நோக்கியும் பின்னர் எம்மை நோக்கியும் தலைதாழ்த்தி வணங்கினார். 'உங்கள் நாட்டுக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள்' என்றார். எமது குழுவினர் சிலரின் கண்கள் கலங்கின. பிறகு எல்லோரையும் கல்லின் அருகே நிற்கும்படியும் ஒரு படம் எடுக்கலாம் என்றும் அழைத்தார்.

நான் சட்டென்று, 'படத்தை நான் எடுக்கிறேன்' என்றேன்.

அந்தக் கல்லின் பின்னணி இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1951 செப்டெம்பரில் ஜப்பானுடனான சமாதான உடன்படிக்கைக்காக சான்பிரான்சிஸ்கோ நகரில் கூடிய மாநாட்டில் இலங்கையின் சார்பில் கலந்துகொண்டவர் அன்றைய நிதியமைச்சரான ஜயவர்தன. செப்டெம்பர் 6ஆம் திகதி அவர் ஆற்றிய உரையில், ஜப்பானிடம் நட்டஈடு கோரும் உரிமை இலங்கைக்கு இருக்கின்ற போதிலும் அதைக் கோரப்போவதில்லை என்று அறிவித்தார். புத்தரின் போதனையை மேற்கோள் காட்டி, ஜப்பான் சுதந்திர நாடாக எழுவதற்கு இடமளிக்க வேண்டும் என்று வாதிட்டார். அவரது ஒரு பேச்சே ஜப்பானைக் காப்பாற்றியது என்று நாட்டில் சிலர் கூறுவது மிகையானது. ஆனால், தோல்வியுற்று உலகின் முன்னால் தலைகுனிந்து நின்ற ஒரு மக்களுக்கு அந்தச் சொற்கள் எத்தகைய ஆறுதலைத் தந்திருக்கும் என்பதை அந்த அம்மையாரின் வணக்கத்தில் கண்டேன்.

விட்டுக்கொடுத்தது வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பு மீதும் 9ஆம் திகதி திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் அதே 9ஆம் திகதிதான். அப்போது திருகோணமலையில் எழுதுவினைஞராக இருந்த என் அம்மப்பா, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப்பாதையால் நடந்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே, சான்பிரான்சிஸ்கோவில் மன்னிக்கப்பட்டவற்றில் எங்கள் குடும்பத்தின் பங்கும் இருந்தது. அந்த மன்னிப்பில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. பெருமையே உண்டு.

ஆயினும், அதே மனிதர் பின்னர் நாட்டின் தலைவரானார். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது அவரது ஆட்சியில். 1981 மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தது அவரது ஆட்சியில். 1983 ஜூலையில் கொழும்பும் பிற ஊர்களும் பற்றியெரிந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவரே. ஜூலை 28ஆம் திகதி நாட்டுக்கு அவர் ஆற்றிய உரையில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தையேனும் இருக்கவில்லை என்பது சரித்திரத்தில் பதிவாகியிருக்கும் விடயம். அந்த ஜூலையில் எனக்குப் பதினான்கு வயது. வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த வீட்டில் நாம் வைத்திருந்த சகலமும் போயிற்று. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு இரவுகள் ஒளித்து வைத்ததால் உயிர் பிழைத்தோம். பின்னர் அகதி முகாம். பின்னர் காங்கேசன்துறைக்குக் கப்பல்.

இவற்றையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் நான் சிந்தித்துக்கொண்டு நிற்கவில்லை. கால்கள் கல்லை நோக்கிப் போக மறுத்தன, அவ்வளவுதான். ஆனால், என் மனைவி போய் நின்றார். முன்வரிசையில், முதிய பெண்களின் நடுவில் நின்றார். படத்தை எடுத்து முடித்த பின்னர், 'நீரும் போய் நின்றீரே' என்றேன். 'கல்லில் எழுதியிருப்பது நல்ல வசனந்தானே, அதற்குப் பக்கத்தில் நிற்பதற்கு எனக்கு என்ன வெட்கம்?' என்றார் அவர்.

அங்கிருந்து சற்றுத் தூரம் நடந்து ஹசெதெரா என்ற ஆலயத்துக்குப் போனோம். அங்கே பென்சைத்தென் என்ற தெய்வத்துக்கு ஒரு குகை இருக்கின்றது. பென்சைத்தென் வேறு யாருமல்ல, எங்கள் சரஸ்வதிதான். பௌத்தத்துடன் சீனா வழியாக ஜப்பானுக்குப் போனவள். வீணைக்குப் பதிலாக பீவா என்ற நரம்பு வாத்தியத்தை ஏந்தியவளாக அவளை அங்கு சித்திரிக்கின்றார்கள். குனிந்து செல்ல வேண்டிய அந்தக் குகையின் சுவர்களில் பென்சைத்தெனும் அவளது பரிவாரமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவளைப் பார்த்தபோது, யாழ்ப்பாண நூலகத்தின் முன்னால் அமர்ந்திருக்கும் வெண்ணிறச் சரஸ்வதி நினைவில் வந்து நின்றாள்.

டோக்கியோவுக்குத் திரும்பும் ரயிலில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்தவர் கண்டிப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுபது வயதைத் தாண்டியவர். பயணம் முழுவதும் என்னை 'மல்லி' என்றே அழைத்தவர். நான் அவரை 'டீச்சர்' என்பேன். ஜப்பானிய ரயில்களில் எவரும் உரக்கப் பேசுவதில்லை. ஆதலால் நாமும் இரகசியம் பேசுவோர் போன்று சிங்களத்தில் பேசினோம்.

'மல்லி, நீங்கள் ஏன் படத்தில் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும்' என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை.

'முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தேன். சான்பிரான்சிஸ்கோ பேச்சை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். 83ஐப் பற்றி ஒரு வகுப்பிலும் பேசியதில்லை. பாடப்புத்தகத்தில் அது இருக்கவில்லை. இருக்கவில்லை என்பதற்காக நானும் பேசவில்லை.' சற்று நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அந்த அம்மா எங்களைப் பார்த்துக் கும்பிட்டபோது எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் கெமராவோடு உங்களைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.'

வெட்கப்பட வேண்டியவர் அவரல்ல என்று சொல்ல நினைத்தேன். சரியான சிங்களச் சொல் வாயில் வரவில்லை. 'அந்த இரண்டு இரவும் எங்களை வைத்திருந்தது ஒரு சிங்கள வீடு, டீச்சர்' என்று மாத்திரம் சொன்னேன். அவர் என் கையைத் தொட்டுவிட்டு விட்டார். ரயில் டோக்கியோவை அடையும்வரை நாம் வேறு எதையும் பேசவில்லை.

தொலைவில் இருக்கும் எதிரியை மன்னிப்பது ஒரு பேச்சுடன் முடிந்துவிடக் கூடியது. அவனுடன் அடுத்த நாள் ஒரே தெருவில் வாழ வேண்டியதில்லை. அவனுடன் நிலத்தையும் அதிகாரத்தையும் மொழியையும் பகிர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் அதே நீதியுடன் நடப்பதற்குத் தினந்தோறும் முயல வேண்டியிருக்கின்றது. இலங்கையின் ஆட்சியாளர்களில் ஒருவர் மாத்திரமல்ல, அநேகமாக எல்லோருமே உலக அரங்குகளில் நன்றாகப் பேசியவர்கள்தான். அந்தப் பேச்சுக்கள் ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்பதே எமது துன்பம். கமகுராவில் உள்ள கல் பொய் சொல்லவில்லை. அதில் இருக்கும் வார்த்தைகளுக்கு எங்கள் நாட்டில் ஒரு கடன் பாக்கி இருக்கின்றது.

அந்தப் படம் குழுவினர் அனைவருக்கும் வட்ஸ்அப்பில் போய்விட்டது. இருபத்தொரு பேரும் வழிகாட்டி அம்மையாரும் சிரித்துக்கொண்டு நிற்கின்றார்கள். டீச்சர் மாத்திரம் கெமராவை நேரே பார்க்கவில்லை. சில தினங்களுக்குப் பிறகு அவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பேரப்பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டியபோது, படத்தை எடுத்தவர் யார், அவர் ஏன் இதில் இல்லை என்று மூத்தவள் கேட்டாளாம். தாம் உட்கார்ந்து முழுவதையும் சொன்னதாக எழுதியிருந்தார்.

கமகுரா கல்லில் உள்ள அதே போதனையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொறித்து, 1983 ஜூலையில் இறந்தவர்களின் நினைவாகக் கொழும்பில் ஒரு கல்லை அரசாங்கம் நிறுவுமானால், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள நானும் வருவேன். அன்றைக்குக் கெமராவை வேறு யாராவது பிடிக்கட்டும்.