மூச்சைப் பிடிக்காதே!

கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு திருப்தியடைந்துவிடுவது நம் வழக்கம். மெரினாவுக்குப் போனால் முழங்கால் நனையும் வரை நிற்போம், சுண்டல் வாங்குவோம், வீடு திரும்புவோம். உள்ளே என்ன இருக்கிறதென்று விசாரிக்க யாருக்கு அவகாசம்? இந்த வருஷம் எனக்கு அந்த விசாரம் பிடித்துக்கொண்டுவிட்டது. மாலத்தீவுக்குப் போய், முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவதென்று தீர்மானித்திருக்கிறேன்.

ஏன் மாலத்தீவு என்று கேட்பீர்கள். சரித்திர நாவல் எழுதப் புகுந்தவனை ராஜராஜ சோழன் லேசில் விடமாட்டான். கடலிலுள்ள பழந்தீவுகள் பன்னீராயிரத்தை அவன் கைக்கொண்டதாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. அவை மாலத்தீவுகளே என்பது சரித்திர ஆசிரியர்கள் பலருடைய கருத்து. இப்போது எண்ணினால் சுமார் 1,200 தீவுகள்தான் தேறுகின்றன. ஜனங்கள் குடியிருப்பது அவற்றில் 200-க்கும் குறைவானவற்றில். மீதியைப் புலவர் கணக்கில் எழுதிவிடலாம். அத்தனையும் பவளப் பூச்சிகள் கட்டிய பூமி. வளையம்போல் அமைந்த பவளத் தீவுக் கூட்டத்துக்கு உலகமெல்லாம் வழங்கும் ‘அடால்’ என்ற பெயரே அந்நாட்டுத் திவேஹி மொழியிலிருந்து போனதுதான். சோழர் மரக்கலங்கள் மேலே மிதந்து சென்ற தண்ணீரின் அடியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

ஆசைப்பட்டவன் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு, கடல் சாந்தம். மே பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று. ஆகவே மாசி மாதத்தைக் குறித்துக்கொண்டேன். ஆடம்பர விடுதித் தீவுகள் நம் பைக்கு ஒத்துவரா. ஊர் ஜனங்கள் வாழும் தீவுகளிலேயே சிறு விடுதிகள் இருக்கின்றன. ஆறு நாள் பயணத்தில் கடைசி நாளை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அதற்குக் காரணம் கோலி சோடா! அழுத்தத்தில் கரைந்து கிடக்கும் வாயு, கோலியைத் தட்டியதும் பொங்குகிறதல்லவா? ஆழத்தில் நம் ரத்தத்தில் நைட்ரஜன் அப்படித்தான் கரைகிறது. காற்றழுத்தம் குறைந்த ஆகாய விமானத்தில் உடனே போய் ஏறினால் அது குமிழியாகக் கிளம்பிவிடலாம். அதனால் பல முறை முழுகியவர் 18 மணி நேரமாவது தரையில் காத்திருக்க வேண்டும்.

இந்த வித்தையின் முதல் விதி, மூச்சைப் பிடிக்காதே என்பது. நம் பெரியவர்கள் பிராணாயாமத்தில் கும்பகம் கற்பித்தார்கள். இங்கே கும்பகம் கூடவே கூடாது. குப்பியில் இருப்பது, பலர் எண்ணுவதுபோல் பிராணவாயு அல்ல. சாதாரணக் காற்றை அமுக்கி அடைத்தது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வந்தால் இரண்டு பங்கு இடம் கேட்கும். மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் க்ஷேமம். பிடித்துக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும்.

பயிற்சி நிலையத்தார் ஒரு பாரம் அனுப்பினார்கள். இருதய நோய் உண்டா, காதில் கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். ஆஸ்த்மா என்ற இடத்தில் என் பேனா நின்றது. பன்னிரண்டு வயது வரை எனக்கு இழுப்பு உண்டு. மார்கழி இரவுகளில் என் தாயார் என்னை மார்பில் சாய்த்துக்கொண்டு, விடியும் வரை முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள்.

“எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டு அனுப்பும், ஓய்! நாற்பது வருஷத்துக் கதையை யார் கேட்கப்போகிறார்கள்?” என்றார் நண்பர் ஒருவர்.

காப்பி கொண்டுவந்த என் மனைவி, “கதையில் எத்தனை பொய் வேண்டுமானாலும் எழுதுங்கள். இந்தக் காகிதத்தில் வேண்டாம்” என்றாள்.

அவள் பேச்சில் விஞ்ஞானமும் இருக்கிறது. இழுப்பு வந்தால் மூச்சுக் குழாய் சுருங்கும். காற்று வெளியேற வழியின்றி உள்ளே சிக்கிக்கொள்ளும். நான் மூச்சைப் பிடிக்காவிட்டாலும் என் நெஞ்சு பிடித்துக்கொள்ளும். முதல் விதியை என் உடம்பே மீறிவிடும். அது மட்டுமா? தண்ணீருக்குள் ஜோடியாகத்தான் இறங்குகிறார்கள். எனக்கு ஆபத்தென்றால், என்னைத் தூக்க வரும் எவர் பிள்ளைக்கோ சேர்த்துத்தான் ஆபத்து.

‘ஆம்’ என்று எழுதினேன். டாக்டரிடம் போனேன். குழாயில் ஊதச் சொன்னார். மாடிப்படி ஏறி இறங்கச் செய்து மறுபடியும் ஊதச் சொன்னார். நெஞ்சு நிபுணர் ஒருவரைக் கலந்துகொண்டு முடிவு சொல்வாராம். தீர்ப்பு அடுத்த வாரம். அதுவரை டிக்கெட் வாங்குவதில்லை.

கையெழுத்துக் கிடைத்தால், வாத்தியார் துணையோடு முதல் முழுக்கு 12 மீட்டருக்குள். கிடைக்காவிட்டாலும் மாசியில் கிளம்புவதாகவே இருக்கிறேன். பல தீவுகளில் பவளப் பாறை கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் இருக்கிறது. கண்ணாடியும் குழாயுமாகக் குப்புற மிதந்தபடி பார்க்கலாம். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்துப்போயின. மறுபடி தளிர்த்த இடங்களைத் தேடிப் பார்க்க மேல்தண்ணீரே போதும்.

என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் தானும் மிதப்பதாகச் சொல்கிறாள். நான் ஆழத்துக்குப் போனாலோ, அவள் கரையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டரிடமிருந்து எந்தத் தீர்ப்பு வர வேண்டுமென்று வேண்டிக்கொள்வது? இரண்டு நாளாக அது எனக்கே சரியாக விளங்கவில்லை.